கெட்டமிளகு

மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. மூடியைத் திருகினால் மிளகு பொடிந்து விழும். உள்ளே கறுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு என நாலு நிறத்தில் மணிகள். குமரி மாவட்டத்துக்காரனுக்கு மிளகைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் பச்சையும் ஒரே கொடியில் காய்ப்பவை. பறிக்கும் பருவமும் பக்குவமும்தான் வேறு. நாலாவதுதான் பிடிபடவில்லை. ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினேன். தோல் முட்டை ஓடுபோல நொறுங்கியது. வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பிறகு மாங்காய்க் காம்பின் வாசம், கடைசியில் மிளகு என்று சொல்லிக்கொள்ள ஒரு சிறு காரம்.

"பிங்க் பெப்பர் அப்பா. மீன் வறுவல்ல தூவினா நல்லா இருக்கும்" என்றாள் மகள்.

எங்கள் ஊரில் மிளகை நல்லமிளகு என்போம். அப்படியானால் இது என்ன மிளகு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பதில் மூன்றாம் நாள் வேலியோரத்தில் கிடைத்தது.

ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் நகருக்கு மேற்கே இருக்கிறது அவர்கள் வீடு. பின்புறம் புல்தரை, அதன் முடிவில் கம்பிவேலி, வேலியை ஒட்டிக் கால்வாய். அந்தப் பக்கத்துக் குடியிருப்புகள் பலவும் சதுப்பை வடியவைத்து, வாய்க்கால் தோண்டிய மண்ணை மேடாக்கிக் கட்டியவை. டிசம்பர் மாதம். வேலியோரத்து மரம் ஒன்று கிளைகளை வில்லாக வளைத்து, குலைகுலையாகச் சிவந்து நின்றது. அடியிலிருந்தே ஏழெட்டுத் தண்டுகள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. உள்ளே கை விடக்கூட இடமில்லை. கீழே ஒரு புல் இல்லை.

ஓர் இலையைப் பறித்துப் பார்த்தேன். ஒரே காம்பில் ஏழு சிற்றிலைகள், நுனியில் ஒற்றை. ஓரத்தில் லேசான பல்வெட்டு. நடுக்காம்பு சிவந்து, இரண்டு பக்கமும் மெல்லிய சிறகு ஒட்டியதுபோல இருந்தது. கசக்கி முகர்ந்தேன். டர்பன்டைனில் மிளகை ஊறப்போட்ட நெடி. மேசைமேல் இருந்த குப்பியின் வாசம்தான். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்திய தைரியத்தில் கையுறை இல்லாமல் ஒரு கொத்தை ஒடித்தேன். ஒடிந்த இடத்தில் கசிந்தது மணிக்கட்டில் பட்டது. கைலியில் துடைத்துவிட்டு உள்ளே போனேன்.

"அதைத் தொட்டீங்களா மாமா?" என்று மருமகன் பதறினார். "ரெண்டு வருஷம் முன்னாடி ஆள் வச்சு வெட்டினோம். அப்ப ஒத்த மரமாத்தான் இருந்துச்சு."

வெட்டியவர் அடியோடு அறுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். கட்டைக்கு எதுவும் செய்யவில்லை. ஒன்று ஏழெட்டானது அப்படித்தான்.

மரத்தின் பெயர் பிரேசிலியன் பெப்பர். பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே பக்கத்துச் சரக்கு. செடிப் பித்தர்கள் 19-ஆம் நூற்றாண்டில் அழகுக்காக ஃபுளோரிடாவுக்குக் கொண்டுவந்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவந்து காய்ப்பதால் 'ஃபுளோரிடா ஹாலி' என்று செல்லப்பெயர் வைத்து, கிளைகளை ஒடித்து வாசலில் வளையமாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். 1920களில் மேற்குக் கரையோர ஊர் ஒன்றில் மரப்பிரியரான மருத்துவர் ஒருவர் நூற்றுக்கணக்கில் கன்று வளர்த்து, நண்பர்களுக்குக் கொடுத்துத் தெருவோரமும் நடச்செய்தார். நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. இன்று மாநிலத்தில் 7 லட்சம் ஏக்கருக்குமேல் இந்த மரம் பரவியிருக்கிறது. 1990-ல் விற்பனைக்குத் தடை வந்தது. அதற்குள் பறவைகள் வியாபாரத்தை ஏற்று நடத்தத் தொடங்கியிருந்தன. வடக்கே பனிக்குப் பயந்து கூட்டமாக வரும் ராபின் குருவிகளுக்கு இந்தப் பழம் என்றால் உயிர். அளவு மீறித் தின்று கள் குடித்தவைபோலத் தள்ளாடும் என்றும் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். சட்டைக் கையை மாட்டும்போதுதான் கவனித்தேன், மணிக்கட்டு தடித்திருந்தது. கோடு கிழித்ததுபோல வரிசையாகச் சிறு கொப்புளங்கள். இந்தத் தடிப்பு எனக்குப் பழக்கமானது.

எங்கள் ஊர்ப் பெண்கள் அண்டியாபீஸுக்குப் போவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு முந்திரித் தொழிற்சாலை. வறுத்த கொட்டையைத் தட்டிப் பருப்பெடுக்கும்போது தோட்டிலிருந்து வரும் எண்ணெய் கையைத் தின்றுவிடும். விரல்களில் சாம்பலைப் பூசிக்கொண்டு தட்டுவார்கள்; அப்படியும் உள்ளங்கை கறுத்து உரிந்து கிடக்கும். மாங்காயைக் காம்போடு ஒடிக்கும்போது தெறிக்கும் பால் பட்டு உதடு வெந்துபோனவர்கள் தமிழ்நாடு முழுக்க இருப்பார்கள். வண்ணார்கள் துணிக்குக் குறிபோட்ட சேராங்கொட்டையும் அதே வம்சம். மா, முந்திரி, சேரான், இந்தப் பிரேசில்காரி எல்லாரும் ஒரே தாவரக் குடும்பம். ஊர்விட்டு ஊர் வந்து, கண்டம் தாண்டி, கடைசியில் சொந்தக்காரியிடமே கடி வாங்கியிருக்கிறேன்.

குடும்ப ரத்தம் குப்பிக்குள்ளும் உண்டு. முந்திரிப் பருப்பு ஒத்துக்கொள்ளாத சிலருக்குப் பிங்க் பெப்பர் தின்று மூச்சுத் திணறும் அளவுக்குப் போயிருக்கிறது. மற்றவர்களுக்குச் சாப்பாட்டில் தூவும் அளவில் தொந்தரவில்லை. இந்த மிளகை ஐரோப்பியச் சமையலறைகளுக்குப் பழக்கியதில் ரீயூனியன் தீவுக்குப் பெரிய பங்கு உண்டு. நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே ரீயூனியன்தான். அங்கேயும் இது வந்தேறிக் களை. ஒரு கையால் பறித்து விற்கிறார்கள், மறு கையால் வெட்டுகிறார்கள்.

தெற்கே ஒன்றரை மணி நேர ஓட்டம். டர்ன்பைக் சாலை ஃபுளோரிடா சிட்டி என்ற சிற்றூரில் முடிகிறது. நேரே போனால் கீ வெஸ்ட். வலப்பக்கம் திரும்பினால் எவர்கிளேட்ஸ். திரும்பிய பிறகு இருபுறமும் நர்சரிகள். பனைவகைகளைச் சிப்பாய்களைப்போல வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். பழக்கடைகளில் பலாப்பழமும் சப்போட்டாவும். மருமகன் ஒரு பலாச்சுளைப் பொட்டலத்துக்குக் கொடுத்த விலையை எங்கள் ஊர்ச் சந்தையில் சொன்னால் என்னைப் பொய்யன் என்பார்கள். நர்சரிகளைத் தாண்டியதும் வாய்க்கால் கரைகளில் நம் பிரேசில்காரி நிற்கத் தொடங்கினாள். ஒன்றிரண்டு அல்ல, மதிற்சுவர்போல. உள்ளே ஒரு விஷயம் உறைத்தது: அழகுச்செடி விற்கும் பூமியிலேயே, ஒருகாலத்தில் அழகுச்செடியாக வந்தது அடங்காமல் நிற்கிறது.

ராயல் பாம் என்ற இடத்தில் வண்டியை நிறுத்தியபோது வேடிக்கை காத்திருந்தது. நிறுத்தியிருந்த கார்களுக்கெல்லாம் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். அங்குள்ள பிணந்தின்னிக் கழுகுகளுக்குக் கார்க்கண்ணாடியின் ரப்பர் பட்டையைக் கொத்தித் தின்பதில் தனி ருசி. தார்ப்பாயைப் பூங்காவே கொடுக்கிறது. நாங்களும் ஒன்றை எடுத்துக் கட்டினோம். வேலியில் உட்கார்ந்திருந்த கழுகு ஏமாந்த முகத்தோடு பார்த்தது.

அன்ஹிங்கா நடைபாதை நீர்மேல் போட்ட பலகைப் பாதை. அன்ஹிங்கா என்பது நம் குளங்களில் பாம்புபோலக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாராவின் உடன்பிறப்பு. சிறகை விரித்து வெயிலில் காயவைக்கும் தோரணையும் அப்படியே. கீழே முதலைகள் அசையாமல் கிடந்தன. அதற்கு அப்பால் கண்ணெட்டும் மட்டும் கோரை. புல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது கோரைதான். ஓரம் ரம்பம்போல அறுக்கும். அந்தக் கோரைக்கு ஊடே ஆழமில்லாத தண்ணீர் தெற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆறு என்றும் சொல்ல முடியாது, வயல் என்றும் சொல்ல முடியாது.

அங்கே நின்ற வனக்காவலர் அம்மாளிடம் மணிக்கட்டைக் காட்டினேன். பார்த்ததுமே மரத்தின் பெயரைச் சொன்னார். சோப்புப் போட்டு உடனே கழுவியிருக்க வேண்டும் என்றார். பிறகு, "நீங்கள் பார்க்க வேண்டிய நிலம் பக்கத்திலேயே இருக்கிறது" என்று வழி சொன்னார்.

அந்த நிலத்துக்கு 'டோனட்டின் ஓட்டை' என்று பெயர். நம் பாஷையில் உளுந்துவடையின் ஓட்டை. பூங்கா 1947-ல் உருவானபோது சுற்றிலும் அரசு நிலம், நடுவே உழவர்களின் தனியார் நிலம். அங்கே தரை என்பது சுண்ணாம்புப்பாறை. மேலே தோல்போல மண். 1950களில் பாறையையே நொறுக்கும் ராட்சதக் கலப்பை வந்தது. பாறையைத் தூளாக்கி, உரம் கொட்டி, தக்காளி போட்டார்கள். 1975-ல் நிலம் பூங்காவோடு சேர்ந்து விவசாயம் நின்றது. கோரை திரும்பி வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது பிரேசில்காரி. நொறுங்கிய பாறையும் உர மிச்சமும் கலந்த அந்தப் புதுமண் கோரைக்கு அந்நியம், இவளுக்குத் தாய்வீடு. தண்ணீர் வடிகிற மேடு, போட்டிக்கு ஆளில்லை, பிரேசிலில் இவளைத் தின்னும் பூச்சிகள் அன்று இங்கில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே மரக்காடு ஆனது.

வெட்டிப் பார்த்தார்கள், எரித்துப் பார்த்தார்கள், மருந்தடித்துப் பார்த்தார்கள். மறுபடி மறுபடி முளைத்தது. கடைசியில் எடுத்த முடிவைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. மரத்தோடு மண்ணையும் சேர்த்து, கீழே உள்ள பாறை தெரியும்வரை புல்டோசரால் வழித்தெடுத்துவிட்டார்கள். 6,000 ஏக்கருக்குமேல். வேறு இடங்களில் சதுப்பை அழித்துக் கட்டடம் கட்டியவர்கள் ஈடாகக் கட்டிய பணத்தில் நடந்த வேலை. வழித்த மண்ணைக் குன்றுகளாகக் குவித்திருக்கிறார்கள். மேடு என்று சொல்ல எதுவும் இல்லாத தட்டை நிலத்தில் அவை மலைபோலத் தெரிகின்றன.

மொட்டைப் பாறைமேல் நின்றபோது தந்திரம் புரிந்தது. மண் போனதும் தரை சில அங்குலம் தாழ்ந்தது. தாழ்ந்ததால் மழைக்காலத்துத் தண்ணீர் முன்பைவிட நீண்ட நாள் நிற்கிறது. பிரேசில்காரியின் கன்று மூழ்கிச் சாகிறது. கோரையின் விதை காற்றிலும் நீரிலும் தானாக வந்து முளைக்கிறது. யாரும் நடவில்லை. என் காலடியில் பாறைப் பொத்தலில் விரல் நீளக் கோரை ஒன்று நின்றது. அதைச் சுற்றி பச்சையும் சாம்பலுமாக அப்பளம்போல உலர்ந்த பாசிப்படலம். தொட்டால் நொறுங்கியது. அந்தப் பாசிதான் இங்கே மண்ணை மறுபடி உண்டாக்குகிறதாம். மனிதன் இருபது வருஷத்தில் தூளாக்கிய தரையை அது எத்தனை தலைமுறையில் கட்டி முடிக்கும் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பைன் காட்டில் ஒரு சிறு சுற்று நடந்தோம். வனக்காவலர் அம்மாள் எச்சரித்து அனுப்பியிருந்த மரம் அங்கே இருந்தது. பாய்சன்வுட், பெயரே விஷக்கட்டை. பளபளப்பான இலை, அதில் மை தெறித்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள்; பட்டையிலும் தார் வழிந்ததுபோலத் திட்டுகள். இதுவும் மாங்குடும்பம்தான். விஷத்தில் பிரேசில்காரியைவிட நாலு மடங்கு கெட்டிக்காரி. ஆனால் இதை யாரும் வெட்டுவதில்லை. இது இந்த மண்ணில் பிறந்தது. இதன் பழத்தை நம்பி வெண்தலைப் புறா வாழ்கிறது. அதனால் அரிவாளோடு கிளம்புகிறவர்கள் முதலில் இலையை எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தடிப்பு வந்தது என்பதற்காக மரத்தைத் தண்டித்தால் தப்பு மரம் விழும்.

அதன் பக்கத்திலேயே செம்புநிறத் தோல் சுருள்சுருளாக உரியும் இன்னொரு மரம். கம்போ லிம்போ. வெயிலில் சிவந்து தோலுரிந்த வெள்ளைக்காரரைப்போல இருப்பதால் 'டூரிஸ்ட் மரம்' என்று கேலிப்பெயர். விஷக்கட்டை பட்டால் இதன் பட்டையைத் தேய்த்தால் சரியாகும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. எனக்குச் சிரிப்பு வந்தது. சேருமரத்தடியில் போய்த் தடித்து வந்தால் தான்றிமரத்தைச் சுற்றி வரச் சொல்வாள் என் பாட்டி. நானும் ஒருதரம் சுற்றியிருக்கிறேன். தடிப்பு பத்து நாளில் அடங்கியது. சுற்றாதவனுக்கும் பத்து நாள்தான் ஆனது.

அந்த வார இறுதியில் வேலியோரத்து மரத்தைக் கவனித்தோம். காய்க்கும் காலத்தில் வெட்டக் கூடாது என்பது பொது விதி, இழுத்துப்போடும்போது விதை வழியெல்லாம் சிந்தும். பூக்கும் காலத்தில் வெட்டினாலும் சிலருக்குத் தும்மலும் தலைவலியும் வரும். ஆனால் நான் மார்ச்சில் ஊர் திரும்ப வேண்டும், மருமகனைத் தனியே விட்டுப்போக மனமில்லை. அதனால் முதல் நாள் முழுக்கக் குலைகளை மட்டும் கத்தரித்துக் கறுப்புப் பைகளில் கட்டினோம். பதினோரு பை. முழுக்கை சட்டை, கையுறை, கண்ணாடி. தோட்டக் குப்பையை இங்கே அரைத்து மூடாக்காக்கி ஊருக்கெல்லாம் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்பதால் பைகளைச் சாதாரணக் குப்பையோடு போட்டோம். எரிக்கலாமே என்றேன். புகை பட்டால் கண்ணும் மூச்சும் எரியும், கூடாது என்று மகள் தடுத்தாள். அவள் சொன்னது சரி.

மறுநாள் அறுப்பு. தரையோடு ஒட்டி, மட்டமாக. அறுத்த தண்டை ஒரு கணம் பார்த்தேன்: நடுவே இளஞ்சிவப்புக் கட்டை, வெளியே பட்டை, இரண்டுக்கும் இடையில் நகக்கண் அகலத்துக்கு ஈரமான வளையம். மரத்தின் உயிர் ஓடுவது அந்த வளையத்தில்தான். அறுத்த ஐந்து நிமிஷத்துக்குள் அங்கே மருந்து பட வேண்டும். நேரம் போனால் மரம் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும், பிறகு மருந்து உள்ளே இறங்காது. மருமகன் ஃபோனில் மணி வைத்தார். நான் மரத்தூளைத் துடைக்க, அவர் தூரிகையால் வளையத்தைச் சுற்றி டிரைகுளோபைர் என்ற களைக்கொல்லியைத் தடவினார். எது தடவியது, எது பாக்கி என்று தெரிய நீலச்சாயம் கலந்திருந்தது. கால்வாய் ஓரம் என்பதால் நீர்க்கரையில் பயன்படுத்த அனுமதித்த வகையாகப் பார்த்து வாங்கியிருந்தார். களைக்கொல்லி என்றாலே எனக்குக் கசப்பு உண்டு. ஆனால் தெளிப்பானை எடுத்து இலைமேல் அடிப்பதற்கும், ஒரு மூடி மருந்தை ஒரு வளையத்தில் தடவுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தேன். முந்தைய ஆள் செய்யாமல் போனது இந்த அரை நிமிஷ வேலையைத்தான்.

மேசைக்கு வந்தபோது மகள் குப்பியை நகர்த்தி வைத்தாள். பிரேசிலிலிருந்து இலைப்பேன் வகை ஒன்றை வரவழைத்து 2019-ல் இங்கே விட்டிருக்கிறார்கள், அது இந்த மரத்தின் தளிர்நுனியைத் தின்னும் என்று அவள் படித்துச் சொன்னாள். மாமரத்தைத் தொடுமா என்பதுதான் என் முதல் கேள்வி. விடுவதற்கு முன் மா, முந்திரி, பிஸ்தா எல்லாவற்றையும் வைத்துப் பல வருஷம் சோதித்தார்களாம். அது மரத்தைக் கொல்லாது. வளர்ச்சியைக் குறைத்து, காய்ப்பைக் கெடுக்கும். இதற்கு அது போதும். இந்த மரத்தின் விதை மண்ணில் விழுந்து சில மாதத்துக்குமேல் உயிரோடு கிடப்பதில்லை. காய்ப்பு நின்றால் மிச்சக் கன்றுகளைக் கையால் பிடுங்கித் தீர்த்துவிடலாம்.

நான் ஊருக்கு வந்து இரண்டு மாதமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் படம் அனுப்பினாள். எட்டுக் கட்டைகளும் கறுத்துக் காய்ந்திருக்கின்றன, ஒன்றிலும் துளிர் இல்லை. வேலிக்கு அப்பால் கால்வாய்ச் சரிவில் மூன்று கன்று, விரல் உயரம். பிடுங்கிவிட்டேன் அப்பா, கையுறை போட்டுத்தான் என்று கீழே எழுதியிருந்தாள்.